பனி வைச்ச கன்னம்

மாசி 3, வியாழன்

விடியப்புறம் நல்ல பனி. வேலிக் கதியால் எல்லாம் மழை பெய்ஞ்ச மாதிரிச் சொட்டுது. தலையிலை துவாய் போடாமல் கிணத்தடிக்குப் போய்த் தும்மல்.

இண்டைக்குச் செய்யவேண்டியது: றங்குப் பெட்டிக்குப் பூட்டு. வேலை செய்யிற கோலாலம்பூர்க் கந்தோருக்குக் கடிதம். பூரணத்தைக் கூட்டிக்கொண்டு ரவுணுக்கு, அவவின்ரை கன்னத்து மறுவுக்கு. மூண்டாவது மட்டும் நடந்தது.

முதல் பஸ். பூரணம் (இனிமேல் பூ., கை நோகுது) முந்தானையை இழுத்து வலக்கன்னத்தை மூடிக்கொண்டு ஓரமாய் இருந்தா. கலியாணம் முடிச்சு நாலு வரியம். அதிலை மூண்டரை வரியம் நான் மலாயாவிலை கிளாக்கர் வேலை, அவ இஞ்சை சண்டிலிப்பாயிலை. இந்தமுறை லீவு முடிய அவவையும் கூட்டிக்கொண்டு போறன். கப்பல் பங்குனி 20.

டாக்குத்தர் பறங்கி மனிசன், தோல் வருத்தம் மட்டும் பாக்கிறவர். கொழும்பாலை வந்து நிக்கிறார், சனிக்கிழமை திரும்பிறார். தமிழ் ஒரு சொல்லும் வராது. நான்தான் இடையிலை நிண்டு சொன்னது. மூலையிலை ஆளுயர இரும்புச் சிலிண்டர், சோடாக் கொம்பனி ஒண்டிலை இரவல் வாங்கினதாம். சோடாவுக்கை அடைக்கிற அதே காஸ். குழாய் வாயிலை மான்தோல் பையைக் கட்டித் திறந்தார். சீறிக்கொண்டு வந்தது. பையை அவிழ்க்க உள்ளுக்கை வெள்ளை வெளேரெண்டு பனி, துருவின தேங்காய்ப்பூ மாதிரி. அதை இடிச்சு இறுக்கிச் சோக்குக்கட்டி அளவிலை ஆக்கி மறுவிலை வைச்சு அமத்தினார். நான் மணிக்கூட்டைப் பாத்து முப்பது எண்ணினன். என்ரை சேட்டுக் கையைப் பிடிச்ச பிடியைப் பூ. விடேல்லை. எடுக்க அந்த இடம் கல்லுப்போலை வெள்ளை. பேந்து சிவந்து வீங்கிச்சுது. கட்டுப் போட நேர்ஸ் அவவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நான் வெளி வாங்கிலை குந்தியிருந்தன்.

டாக்குத்தர் சொன்ன பத்தியம்:
1. கொப்புளம் போடும். உடைக்கப்படாது.
2. தண்ணி படப்படாது. தலைமுழுக்கு இல்லை.
3. எண்ணெய் கிண்ணெய் ஒண்டும் வேண்டாம். போறிக் பவுடர் தூவி, மேலை காய்ஞ்ச துணி.
4. பொருக்குத் தானாய் விழவேணும். நகம் வைக்கப்படாது.
5. வெயில் கூடாது.

ஐஞ்சையும் பூ.வுக்குச் சொல்லிப்போட்டன்.

ஆறாவதும் ஒண்டு இருக்கு. பனி வைக்க முதலே சொன்னவர். எங்கடை நிறத் தோலிலை உது வெள்ளைத் தழும்பாய் நிக்கக்கூடும், சிலருக்கு நாள்ப்போக்கிலை நிறம் திரும்பும், சிலருக்குச் சீவியத்துக்கும் திரும்பாது, இதை உம்மடை பெண்சாதிக்குச் சொல்லிச் சம்மதமோ எண்டு கேளும் எண்டார். நான் பூ.வின்ரை பக்கம் திரும்பி, "கொஞ்சம் எரியுமாம், பேந்து சுகமாம். ஓமோ?" எண்டன். அவ ஓம் எண்டா. நான் டாக்குத்தரிட்டை யெஸ் எண்டன்.

வீட்டை வந்து சோறு. கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கூட.

மாசி 4, வெள்ளி

பனி குறைவு. கொப்புளம் போட்டிட்டுது. கொடிமுந்திரிகைப் பழத்தைப் பாதியாய் வெட்டி ஒட்டின மாதிரி. பூ. கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கிறா. மறுவைக் குடுத்துக் குமிழ் வாங்கியந்திருக்கிறமாம். பவுடர் நான்தான் தூவினன். அரைவாசி மூக்கிலை கொட்டுப்பட்டுது.

வெள்ளிக்கிழமை முழுகாமல் திரியிற பொம்பிளையைச் சின்னம்மா விடுவாவோ. சின்னம்மா எண்டது அம்மாவின்ரை தங்கச்சி. அம்மா செத்தாப்போலை என்னை வளத்தவ. பக்கத்து வளவு, வேலியிலை ஒரு பொட்டு வைச்சிருக்கிறா, அதுக்காலை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் வருவா. ஏன் பிள்ளை முழுகேல்லை, முகத்திலை என்ன கட்டு எண்டு கேக்கிறது அறைக்கை எனக்குக் கேக்குது. பூ. வாய் திறக்க முதல் நான் உள்ளுக்கை இருந்து, "வடை சுடேக்கை எண்ணெய் தெறிச்சுப் போச்சுது, சின்னம்மா" எண்டு கத்தினன்.

சின்னம்மா போனாப்பிறகு பூ. வந்து கதவடியிலை நிண்டா. தான் எப்ப வடை சுட்டது எண்டு கேட்டா. நான் பேப்பர் படிச்சன்.

ஏன் சொன்னன் எண்டால்: பொம்பிளை பாக்கப் போனது சின்னம்மாதான். வலக்கன்னத்திலை மறு, சீதேவி குடியிருக்கிற முகம் எண்டு வந்து சொன்னவ. வேறை இடம் பாக்க விடேல்லை. பேந்து எனக்குச் சம்பளம் கூடினதும் அந்த மறுவாலை, பசு ரண்டு நாகு கண்டு போட்டதும் அந்த மறுவாலை. அந்தச் சீதேவியைச் சோடாக் காஸாலை சுட்டுப்போட்டன் எண்டு அவவுக்கு ஆர் சொல்லிறது.

மாசி 5, சனி

கடிதம் எழுதி முடிச்சன். பூட்டு இல்லை.

இந்தக் கொப்பியை ஒருத்தரும் பாக்கப்போறேல்லை. உள்ளதை எழுதி வைப்பம். ஆரும் கேட்டால் மறுவை எடுத்தது பூ.வின்ரை விருப்பம் எண்டு சொல்ல நினைச்சிருந்தன். முதல் கதை எடுத்தது அவதான், அது மெய். அதுக்கு முதல் நடந்தது இது. தை மாசம், மலாயாப் பயணக் கடுதாசிக்கெண்டு ரண்டுபேரும் படம் எடுத்தம். படம் வந்தது. நான் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்துப்போட்டு, "கன்னத்திலை இலையான் பறந்து வந்து குந்தின மாதிரிக் கிடக்கு" எண்டன். சிரிச்சும் போட்டன். சிரிச்சுப்போட்டுப் படத்தை அலுமாரிக்கு மேலை கவிட்டு வைச்சன். அவ உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டவ.

மூண்டு நாள் கழிச்சு, இதை எடுக்கிற டாக்குத்தர்மார் இருக்கினமோ எண்டு கேட்டா. ஏன் எண்டு நான் கேக்கேல்லை. எனக்குச் சந்தோசம். அதுதான் கேவலம். கந்தோர்த் துரையின்ரை வீட்டிலை தேத்தண்ணிக்குக் கூப்பிடுவினம், மற்றக் கிளாக்கர்மாரின்ரை பெண்சாதிமார் வருவினம், ஆரும் ஒருத்தி என்னைப்போலை இலையான் எண்டு நினைச்சால் எண்டு எனக்குப் பயம். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சென்மம் நான். சொல்லவேண்டிய இடத்திலை அந்த வாய் வராது.

டாக்குத்தர் இண்டைக்குக் கொழும்பு றெயின் ஏறியிருப்பார்.

மாசி 7, திங்கள்

வெக்கை. இலை ஆடேல்லை. பிழை நடந்து போச்சுது.

பத்து மணி இருக்கும், சின்னம்மா பொட்டுக்காலை வாறா. ஒரு கையிலை சிரட்டை, மற்றக் கையிலை கோழியிறகும் எலுமிச்சை முள்ளும். சிரட்டைக்கை சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் சேத்தடிச்சு வெண்ணெய் மாதிரித் திரண்டு கிடக்கு. எண்ணெய் சுட்ட புண்ணுக்கு எங்கடை ஊரிலை எல்லாரும் பூசிறது. சின்னனிலை எனக்குக் கஞ்சி கொட்டிக் கால் வெந்தபோதும் இவதான் பூசினவ, தழும்பு கூட இல்லை. நல்ல மருந்துதான். சுட்ட புண்ணுக்கு.

நீர் கோத்துக் கிடக்கு, விட்டால் சூடு உள்ளுக்கு இறங்கும், குத்தி விடவேணும் எண்டா. பூ. என்னைப் பாத்தா. நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம், உடைக்கவேண்டாம் எண்டு டாக்குத்தர் சொன்னவர் எண்டு. சொன்னால் எந்த டாக்குத்தர், என்னத்துக்குப் போனனீங்கள் எண்டு வரும். பேந்து வடைக்கதை பொய் எண்டு வரும். எல்லாம் ஒரு நிமிசத்துக்கை மண்டைக்கை ஓடிச்சுது. கடைசியிலை வாயாலை வந்தது, "மெல்லமாய்க் குத்துங்கோ, சின்னம்மா."

முள் இறங்கிச்சுது. தண்ணி கழுத்தாலை ஓடிச் சட்டையிலை ஊறிச்சுது. சின்னம்மா கந்தா, கந்தா எண்டு ஊதி ஊதி இறகாலை பூசினா. நான் கதிரையிலை கிடந்த துவாயை எடுத்து நாலாய் மடிச்சன். பேந்து எட்டாய் மடிச்சன்.

மாசி 8, செவ்வாய்

கன்னம் சிவந்து கண்ணுக்குக் கீழை வரைக்கும் வீங்கியிருக்கு. மஞ்சள் தண்ணி. நெத்தி சுடுது. சைக்கிளிலை ரவுணுக்குப் பறந்தன். டாக்குத்தர் இல்லை, அப்போதிக்கரி நிண்டார். உடைக்கவேண்டாம் எண்டு சொல்லி விட்டதெல்லோ எண்டு கேட்டார். நித்திரையிலை உடைஞ்சு போச்சுது எண்டன். என்னையே பாத்துக்கொண்டு நிண்டார். கொதிச்சாறின உப்புத்தண்ணியாலை காலமையும் பின்னேரமும் கழுவி, ஒத்தித் துடைச்சு, பவுடர். எண்ணெய் இனிக் காட்டவே கூடாது.

வழியிலை தோடம்பழம் வாங்கினன். பிழை செய்தவன் தோடம்பழம் வாங்கிறது உலக வழக்கம்.

சின்னம்மா பின்னேரம் சிரட்டையோடை வருவா. எப்பிடி மறிக்கிறது? பொட்டடியிலை போய் நிண்டு, பூ. வீட்டுக்குத் தூரம், மூண்டு நாளைக்குக் கிட்டப் போகேலாது எண்டு சொல்லிவிட்டன். சின்னம்மா சிரட்டையைத் திருப்பிக்கொண்டு போட்டா. உள்ளை வர பூ. படுத்திருந்தபடி சொன்னா: "உங்கடை பொய்யளுக்கு என்ரை உடம்புதான் கிடைச்சுதோ?"

தோடம்பழம் உரிச்சுக் குடுத்தன். புளி.

மாசி 13, ஞாயிறு

காத்து. முத்தம் முழுக்கப் புழுதி. றங்குப் பெட்டிக்குப் பூட்டுக் கிடைச்சுது, திறப்புச் சரிவரேல்லை.

புண் காயுது. வீக்கம் வத்தி, ஓரத்தாலை கறுத்த பொருக்கு. ஒரு நாளைக்கு ரண்டுதரம் நான்தான் கழுவிறன். யன்னலடியிலை அவவை இருத்தி, நாடியைப் பிடிச்சு முகத்தை நிமித்தி, பஞ்சாலை ஒத்தி ஒத்தி. கலியாணம் முடிச்சு நாலு வரியத்திலை அந்த முகத்தை இவ்வளவு கிட்ட, இவ்வளவு நேரம் நான் பாத்ததில்லை. காதுக்குக் கீழை இன்னொரு சின்ன மறு இருக்கு. கடுகளவு. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. இருக்கட்டும், அது இருக்கட்டும்.

வெயிலுக்குப் பயந்து யன்னல் சாத்தின அறைக்கை இருக்கிறா. புகையிலைச் சிப்பம் மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறியள், மலாயாவுக்கு ஆளாய்க் கொண்டுபோறியளோ சரக்காய்க் கொண்டுபோறியளோ எண்டு பகிடி. நானும் சிரிச்சன். சிரிச்சு முடியமுன்னம், டாக்குத்தர் அண்டைக்கு வேறை ஏதும் சொன்னவரோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். பஞ்சைக் கிண்ணத்திலை போட்டுப்போட்டு எழும்பி வந்திட்டன்.

மாசி 18, வெள்ளி

பொருக்கு விழுந்திட்டுது. காலமை துவாயிலை ஒட்டிக் கிடந்தது. கீழை ரோசா நிறம், பிறந்த பிள்ளையின்ரை உள்ளங்கை மாதிரி மெல்லிசு. பள்ளம் இல்லை. மறு இல்லை. எனக்கு நெஞ்சுக்கை இருந்த கல்லு இறங்கிச்சுது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சன். சிதறினது நல்லாய்ச் சிதறிச்சுது.

பூ. இண்டைக்குத்தான் முழுகினவ. தலை காயவிட்டுக்கொண்டு, "இது இப்பிடியே நிக்குமோ, நிறம் வருமோ? டாக்குத்தர் என்ன சொன்னவர்?" எண்டா.

வருமாம் எண்டன். வராமலும் விடும் எண்டதை முழுங்கிப்போட்டன். சொல்லுறதுக்கு எவ்வளவு வடிவான நேரம். ஆரும் இல்லை, அவவும் கோவமாய் இல்லை. அப்பவும் முழுங்கினன்.

மாசி 23, புதன்

நாலு நாளாய் எழுதேல்லை. எழுதினால் மெய்யாய்ப் போயிடும் எண்டு பயம்.

வெள்ளை. ரோசா நிறம் போய்ச் சுத்த வெள்ளை, ஒரு சதக் காசுக் குத்தி அளவு, ஓரம் கீறினமாதிரி. அந்த மறு அரை மஞ்சாடி அளவுதான் இருந்தது. அதைக் கிட்ட வந்தால்தான் தெரியும். இது படலையடியிலை நிண்டாலே தெரியுது.

கோயில் கிணத்தடியிலை ரண்டு பொம்பிளையள், நான் நிக்கிறது தெரியாமல்:
"வெண்குட்டமாமோ?"
"ஆருக்குத் தெரியும். பாவம், கப்பலிலை ஏத்துவாங்களோ?"

வாளியைப் போட்டுப்போட்டு வந்திட்டன். ஆற்றையோ வாளி.

பின்னேரம் சின்னம்மா வந்து பாத்தா. பூ.வின்ரை முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தா. பேந்து அப்பிடியே நிலத்திலை குந்தினா.

"என்ரை கையாலை செய்தனான், தம்பி. சுண்ணாம்பு தெளிய முதல் அவசரப்பட்டு இறுத்துப்போட்டன். வெந்துபோச்சுது."

அழுகை. நாற்பது வரியத்திலை அம்மாவின்ரை செத்தவீட்டிலைதான் அவ அப்பிடி அழுததை நான் பாத்தனான். சீதேவி முகத்தைக் கெடுத்துப்போட்டன் எண்டு தலையிலை அடிக்கிறா. பூ. கையைப் பிடிச்சு மறிக்கிறா, மறிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறா. நான் சொன்னது: "அழாதேங்கோ, சின்னம்மா. எதாலை வந்தது எண்டு ஆர் கண்டது."

ஆர் கண்டதாம். நான் கண்டனான். சோடாச் சிலிண்டருக்குப் பக்கத்திலை நிண்டு என்ரை காதாலை கேட்டனான்.

நிறம் திரும்புமட்டும் வெத்திலை தொடுறேல்லை எண்டு சின்னம்மா நேத்தி வைச்சிட்டா. எனக்குத் தெரிஞ்ச நாள் தொட்டு அந்த வாய் வெத்திலை இல்லாமல் இருந்ததில்லை. திரும்பாட்டில்?

மாசி 26, சனி

கொதி வெயில். காகம் கூடக் கத்தேல்லை.

கடையிலை சாமான்: தேத்தூள், நெருப்புப்பெட்டி, திறப்புக்கு அரம்.

சின்னம்மாவைக் காலமை தொடக்கம் காணேல்லை. நாலு மணிக்குத்தான் பொட்டுக்காலை வந்தா, வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு. மாவிட்டபுரம் கோயிலுக்கு நடந்து போய்க் கும்பிட்டிட்டு நடந்தே வாறாவாம். காலிலை செருப்பில்லாமல். வாய் வெளிறிப் போய்க் கிடக்கு. வெத்திலை இல்லாத வாய் ஆற்றையோ வாய் மாதிரி.

உள்ளங்கால் ரண்டிலும் கொப்புளம். பூ. பேசினிலை தண்ணி கொண்டுவந்து கழுவிவிட்டா. நான் அறைக்கை, கதவு அரைவாசி திறந்து கிடக்கு. சின்னம்மா முள் கேட்டது கேட்டுது. பூ. உடைக்கவேண்டாம் மாமி, கொப்புளத்தை உடைக்கப்படாது, தானாய் வத்தும் எண்டு சொன்னா.

"ஓம் பிள்ளை. உன்ரை முகத்தைப் பழுதாக்கித்தானே நான் அதைப் படிச்சனான்."

என்னை நானே செருப்பாலை அடிக்கவேணும். எழுதுறதோடை நிக்குது.

மாசி 27, ஞாயிறு

பனி திரும்பவும். பின்பனியாம்.

பூ. குசினியிலை மா அரிச்சுக்கொண்டிருந்தா. போய் எதிரிலை பலகையிலை இருந்தன். சொல்லிப்போட்டன். படத்தைப் பாத்துச் சொன்ன சொல்லு, டாக்குத்தர் சொன்ன ஆறாவது, நான் விழுங்கினது, முள் இறங்கேக்கை வாய் திறக்காமல் நிண்டது, எல்லாம் வரிசை இல்லாமல். அரிதட்டு நிக்கேல்லை. நான் சொல்லி முடியத்தான் வைச்சா.

"தெரியும்."

எப்பிடி எண்டன்.

"கட்டுப் போடேக்கை அந்த நேர்ஸ் சொன்னவ. உங்கடை அவர் உங்களுக்கு முதலே சொல்லியிருப்பார்தானே எண்டா. நான் ஓம் எண்டனான்."

என்னை விட்டுக்குடுக்காமல் ஓம் எண்டிருக்கிறா. முகத்திலை பனி காயமுன்னம்.

"அண்டையிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன், இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு. ரண்டுதரம் கேட்டும் பாத்தன்."

முதலே சொல்லியிருந்தால் நீர் சம்மதிச்சிருப்பீரோ எண்டு கேட்டன். கேட்டிருக்கக் கூடாது. என்ரை பாரத்தை இறக்கத்தான் கேட்டனான், அவவுக்கும் அது விளங்கிச்சுது. இனி அது தனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது எண்டா. கோவமாய்ச் சொல்லேல்லை. கோவமாய்ச் சொல்லியிருக்கலாம்.

கப்பலுக்கு வருவீரோ எண்டன்.

"மாமியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து கேளுங்கோ."

அறைக்கு வந்தன். அலுமாரிக்கு மேலை படம் நிமித்தி வைச்சுக் கிடக்கு. நான் வைக்கேல்லை. எப்ப வைச்சாவோ. அந்த மறு, சின்னப் பொட்டு மாதிரி. வடிவாய்த்தான் இருந்திருக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கிறதும் ஒரு சாட்டுத்தான், தெரியும். யன்னலாலை பாக்கச் சின்னம்மா பொட்டடியிலை நிக்கிறா. காலிலை துணி சுத்தி, கையிலை சிரட்டை இல்லை. இஞ்சை வரட்டோ விடட்டோ எண்டு யோசிக்கிறா போலை. முந்தி ஒருநாளும் அவ இந்த வளவுக்கை கால் வைக்க யோசிச்சதில்லை.

குசினியாலை பூ., இன்னும் எழுதி முடியேல்லையோ எண்டு கேக்கிறா.

எழும்பிறன்.